வேகத்தைக் குறைக்கலாம், சொல்லாமல் குறைக்கக் கூடாது

ஆந்திரத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு செல்போனுக்கு வேண்டிய பலவும் அங்கேயே உருவாகின்றன. தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து 2015 ஆகஸ்டில் ஷாவ்மி போன்கள் வெளிவரத் தொடங்கின. திருப்பதியில் டிக்சன் நிறுவனம் டிவி தயாரிக்கிறது. அங்கேயே முனோத் நிறுவனத்தின் லித்தியம் அயான் செல் ஆலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 20,000 செல்கள் என்பது அப்போது அறிவிக்கப்பட்ட திறன். கரகம்பாடியில் 1985-இல் தொடங்கப்பட்ட அமர ராஜாவின் பேட்டரிகள் நாடு முழுதும் கார்களிலும் யுபிஎஸ்களிலும் இருக்கின்றன. தென் ஆந்திரத்துக்கு மின்சாரம் பகிர்ந்தளிக்கும் நிறுவனத்தின் தலைமையகமும் திருப்பதிதான். உடல், பேட்டரி, மின்சாரம் மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்தப் பேட்டரி மாலை வரை தாங்குமா, மதியமே கண்ணை மூடுமா என்பதை முடிவு செய்யும் இடம் வேறு. இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குள் ஒரு சிறு பகுதி, பிராசஸர் எந்த நொடியில் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே இருக்கிறது. அந்த முடிவு வெறும் தொழில்நுட்ப விஷயமன்று, நுகர்வோர் உரிமை சார்ந்த விஷயமும் கூட. அதை நம் வெயிலில் அளந்து பார்க்க வேண்டும், அளந்ததைப் பொருளை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இன்று நடப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிராசஸர் வேலை செய்யும்போது இழுக்கும் மின்திறன், அதன் துடிப்பு வேகத்தைப் பொறுத்து நேராகவும், வோல்டேஜைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் கூடுகிறது. வேகம் கூட வேண்டுமானால் வோல்டேஜும் கூட வேண்டும். எனவே கடைசிப் பத்து சதவீத வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை, முதல் பத்து சதவீதத்துக்குக் கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை சிப்புகள் சிறிதாகச் சிறிதாக வோல்டேஜும் இறங்கிக்கொண்டே வந்ததால் இந்த விலை யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு வோல்டேஜ் இறங்க மறுத்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சிப்பை வெளியிடும் திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. அதற்குப் பிறகு வேகம் என்பது இலவசமாகக் கிடைக்கவில்லை. எப்போது கேட்பது, எப்போது விடுவது என்று கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டிய பொருளாகிவிட்டது.

அந்தக் கணக்கை இயங்குதளமே பார்க்கலாம் என்ற யோசனை அதற்கும் முந்தையது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் மார்க் வைசரும் சகாக்களும் 1994-இலேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். லினக்ஸ் கர்னலில் அது நடைமுறைக்கு வந்தபோது, முடிவெடுக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர் வைத்தார்கள். 2004-இல் வந்த, இன்டெல் பொறியாளர் வெங்கடேஷ் பல்லிபாடியும் சகாக்களும் எழுதிய 'ஆன்டிமாண்ட்' கவர்னர், பிராசஸர் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று குறித்த இடைவெளியில் எட்டிப் பார்த்து, சுமை கூடினால் உச்ச வேகத்துக்குத் தாவும், குறைந்தால் இறங்கும். 2016-இல் ரஃபேல் வைசோக்கி கொண்டுவந்த 'ஷெட்யூட்டில்', இப்படி எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த வேலையை எப்போது ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரிடமே நேரடியாகத் தகவல் வாங்கியது. 2019-இல் வந்த 5.0 பதிப்பில், ஒரே சிப்பில் இருக்கும் பெரிய கோர், சிறிய கோர் ஆகியவற்றில் எதில் ஓடினால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று பார்த்து வேலையை ஒப்படைக்கும் முறையும் சேர்ந்தது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன்கள் இந்தக் கர்னலின் மேல்தான் ஓடுகின்றன.

இந்த முடிவு எவ்வளவு நுண்ணியது என்பதை ஒரே ஒரு விரல் அசைவில் காட்டலாம். போனில் செய்தியை மேலே தள்ளிப் படிக்கிறோம். திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது; ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. அதற்குள் படம் தயாராகவில்லை என்றால் ஒரு சட்டம் (ஃப்ரேம்) தவறி, திரை திக்கும். ஷெட்யூட்டில் ஒரு வேலையின் பசியை அதன் கடந்தகாலத்தை வைத்து மதிப்பிடுகிறது. 32 மில்லி நொடிக்கு முன் செய்த வேலைக்குப் பாதி மதிப்பு, 64 மில்லி நொடிக்கு முன் செய்ததற்குக் கால் மதிப்பு. இப்படிக் கிடைத்த எண்ணோடு நாலில் ஒரு பங்கைக் கூட்டி அந்த வேகத்தைக் கேட்கிறது. அதாவது பிராசஸர் எப்போதும் எண்பது சதவீத வேலையில் இருக்கும்படி இடம் விட்டுவைக்கிறது. விரல் படும் முன் அந்த வேலை தூங்கிக்கொண்டிருந்ததால் அதன் கணக்கில் பசி குறைவு. முதல் இரண்டு மூன்று சட்டங்களுக்கு வேகம் போதாமல் போகலாம். திருமலை மலைப்பாதையில் டிரைவர் வரப்போகும் வளைவைப் பார்த்து கியர் மாற்றுகிறார். கவர்னருக்குத் தெரிவதோ கடந்துவந்த பாதை மட்டும். அதனால்தான் 'இந்த வேலை விரலோடு தொடர்புடையது, இதற்குக் கீழே வேகத்தை இறக்காதே' என்று மேலிருந்து சொல்லும் வழியை 2019-இல் கர்னலில் சேர்த்தார்கள். அந்தக் குறிப்பை யார் சொல்கிறார்கள், எந்த ஆப்புக்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

மெதுவாக ஓடினால் எப்போதும் சிக்கனம்தானே என்று தோன்றலாம். அப்படியில்லை. ஒரு கற்பனைக் கணக்கு: முழு வேகத்தில் பிராசஸர் 4 வாட் இழுக்கிறது, ஒரு வேலை 10 நொடியில் முடிகிறது. அந்த நேரம் முழுதும் விழித்திருக்க வேண்டிய திரை, நினைவகம் போன்ற மற்றவை 2 வாட். மொத்தம் 60 ஜூல். வேகத்தை 80 சதவீதத்துக்கும் வோல்டேஜை 90 சதவீதத்துக்கும் இறக்கினால் பிராசஸர் சுமார் 2.6 வாட்தான் இழுக்கும், வேலை 12.5 நொடி ஆகும். மொத்தம் ஏறத்தாழ 57 ஜூல். லாபம். இதே கணக்கில் மற்றவை 4 வாட் இழுத்தால்? முழு வேகத்தில் 80 ஜூல், மெதுவாக ஓடினால் 82 ஜூலுக்கும் மேல். இப்போது நஷ்டம். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு எல்லாவற்றையும் தூங்கவிடுவது இங்கே நல்லது. நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகப் பிராசஸர் காத்துக்கிடக்கும் வேலைகளில் கதை மறுபடி மாறும். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் ஓடும் வானிலை மாடல்கள் பொதுவாக நினைவகத்தையே நம்பியவை. துடிப்பைக் கூட்டினால் காத்திருப்பு குறையாது, சூடுதான் கூடும். ஆக, எல்லாருக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே சரியான அமைப்பு என்று எதுவும் கிடையாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கே அளப்பது என்பதும் முக்கியம். சிப் சும்மா இருக்கும்போதும் அதன் டிரான்சிஸ்டர்கள் வழியே கொஞ்சம் மின்சாரம் கசிகிறது. சூடு ஏற ஏற அந்தக் கசிவு கூடும். கசிவு கூடினால் மேலும் சூடு. போனின் உள்வெப்பம் குறித்த எல்லையைத் தாண்டியதும் கர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதி விழித்து, கவர்னர் எவ்வளவு கேட்டாலும் உச்ச வேகத்தை வெட்டிவிடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது ராயலசீமைக்குப் புதிதல்ல. திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் மே மாதத்தில் அது வாடிக்கை. குளிரூட்டிய அறையில் சோதித்து அமைத்த வேகக் கொள்கை, அந்த வெயிலில் பைக்கின் முன்னால் மாட்டிய போனில் வழிகாட்டி வரைபடம் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும்? வெயிலில் நின்று உணவு விநியோகிக்கும் இளைஞருக்கும், பயிர்ப் படத்தை வயலிலிருந்து பதிவேற்றும் ஊழியருக்கும் இது கற்பனைக் கேள்வியல்ல. லித்தியம் செல்லின் ஆயுளையும் வெப்பம் தின்னும். வீணாகச் செலவான ஒவ்வொரு ஜூலும் வெப்பமாகி, நாளை சார்ஜ் தாங்கும் திறனைக் குறைக்கிறது. இதை அளந்து சொல்லும் கடமை விற்பவர் யாருக்கும் இன்று இல்லை.

போனோடு நின்றுவிடுவதுமில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டுகளை மாதம் ஒருமுறை குறித்த நாளில் காலை 10 மணிக்கு ஆன்லைனில் திறந்துவிடுவது வழக்கம். அந்தச் சில நிமிடங்களில் நாடு முழுவதிலிருந்தும் கோரிக்கைகள் குவிகின்றன; சில மணி நேரத்தில் அலை ஓய்ந்துவிடுகிறது. தேர்வு முடிவு, ரயில் முன்பதிவு எல்லாவற்றுக்கும் இதே முகம்தான். உச்சத்துக்காக நிறுவப்பட்ட சர்வர்கள் மற்ற நேரத்தில் என்ன செய்கின்றன? கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்சிலும் 2007-இல் எழுதிய கட்டுரை, சர்வர்கள் பெரும்பாலான நேரத்தைத் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்ளேயே கழிக்கின்றன என்று காட்டியது. சும்மா இருக்கும்போதும் அக்காலச் சர்வர் உச்சத்தில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை இழுத்தது. அதன்பின் சர்வர்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால் தாமதத்துக்குப் பயந்து, கவர்னரை நிரந்தரமாக உச்ச வேகத்தில் வைத்து, ஆழ்ந்த உறக்க நிலைகளையும் தடுத்துவிடும் பழக்கம் நிர்வாகிகளிடம் இன்னும் போகவில்லை. பிராசஸர் உறக்கத்திலிருந்து எழவும் வேகம் மாறவும் ஆகும் நேரம் பெரும்பாலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்குவது. வரிசையில் நிமிடக்கணக்கில் காக்கவைப்பது அதுவல்ல, தரவுத்தளமும் வலையமைப்பும். சில மணி நேரக் கூட்டத்துக்காக மாதம் முழுதும் உச்ச வேகத்தில் வைத்திருப்பதை நியாயப்படுத்த, நிர்வாகி முன்பின் அளந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

முடிவை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. பேட்டரி பழசாகும்போது அதன் உள்தடை கூடுகிறது. பிராசஸர் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். இதைத் தடுக்க ஆப்பிள் நிறுவனம் 2017-இல் ஐபோன் 6, 6எஸ், எஸ்இ மாடல்களிலும் பின்னர் 7-லும், பேட்டரி தளர்ந்திருந்தால் உச்ச வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை மென்பொருள் புதுப்பிப்பு வழியாகக் கொண்டுவந்தது. பொறியியல் ரீதியாக அது பிழையான ஏற்பாடு அல்ல. நடுவழியில் அணைவதைவிட மெதுவாக ஓடுவது மேல். ஆனால் உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. சில ஆயிரம் ரூபாயில் பேட்டரியை மாற்றியிருந்தால் போதும் என்று தெரியாமல் பலர் புதுப் போன் வாங்கியிருக்கக்கூடும் என்பதுதான் குற்றச்சாட்டு. 2017 டிசம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் அபராதம் விதித்தது வேகத்தைக் குறைத்ததற்காக அல்ல, வாங்கியவர்களிடம் தெரிவிக்காததற்காக. இந்த வேறுபாட்டில்தான் என் வாதம் நிற்கிறது.

2022 மார்ச்சில் இதே கேள்வி தென்கொரியாவில் வேறு வடிவில் எழுந்தது. சாம்சங் போன்களில் விளையாட்டுகளுக்கென்று இருந்த ஒரு சேவை, நீண்ட ஆப் பட்டியலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதைப் பயனாளர்கள் கண்டுபிடித்தார்கள். வேகத்தை அளக்கும் சோதனை ஆப்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சோதனையில் ஒரு வேகம், அன்றாடப் பயன்பாட்டில் வேறொரு வேகம். புகழ்பெற்ற சோதனை ஆப்பான கீக்பெஞ்ச், சாம்சங்கின் எஸ் 22 வரிசையோடு முந்தைய எஸ் வரிசைகளையும் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. நிறுவனம் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் புதுப்பிப்பை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, லினக்ஸ் கர்னல் திறந்த மூலம் என்பதால் மட்டும் நாம் பாதுகாப்பாக இல்லை என்பது. அதன் உரிமப்படி போன் விற்கும் நிறுவனம் கர்னலின் மூலநிரலைத் தர வேண்டும். ஆனால் எந்த ஆப்புக்கு எவ்வளவு வேகம் என்று கர்னலுக்குக் கட்டளையிடும் சேவைகள் அதற்கு மேலே, மூடிய பெட்டியாக இருக்கின்றன. திறந்த கவர்னரை மூடிய கை ஒன்று திருகுகிறது. எனவே கர்னலைத் திறந்து வைப்பதோடு, அதற்குக் கொடுக்கப்படும் கொள்கையையும் வெளியே சொல்ல வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, 'இப்போதெல்லாம் சிப்பே முடிவெடுக்கிறது, கர்னலைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்?' என்பது. உண்மைதான். 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை முதல் இன்டெல் சிப்புகள் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. ஏஎம்டி சிப்புகளுக்கு இதையொத்த ஏற்பாட்டை லினக்ஸ் 2022-இல் ஏற்றது. சில மில்லி நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவை வன்பொருள் வேகமாக எடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வன்பொருளுக்கும் கர்னல்தான் விருப்பத்தைச் சொல்கிறது: பூஜ்யம் என்றால் வேகமே முக்கியம், 255 என்றால் சிக்கனமே முக்கியம், இடையில் எதுவும். இந்த எண்ணை ஆலையிலேயே யாரோ ஒருவர் நிர்ணயித்துவிட்டுப் போகிறார். மேலும், ஓடிக்கொண்டிருப்பது முதியவர் ஒருவரின் வீடியோ அழைப்பா, பின்னணியில் விளம்பரத்துக்காக இயங்கும் நிரலா என்பது சிப்புக்குத் தெரியாது. தெரிந்திருப்பது இயங்குதளத்துக்குத்தான். கை வன்பொருளுடையதாக இருந்தாலும் கொள்கை மென்பொருளுடையது; கொள்கைக்குப் பொறுப்பு கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. இதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. வோல்டேஜை மென்பொருளால் மாற்ற முடிவதைப் பயன்படுத்தி, கணக்கில் பிழை உண்டாக்கி ரகசியத் தகவலைத் திருடலாம் என்று 2019-இல் வெளியான பிளண்டர்வோல்ட் ஆய்வு காட்டியது. சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற எண்ணை எந்த நிரலும் படிக்க முடிந்ததால் மறைகுறியீட்டுச் சாவிகளை ஊகிக்கலாம் என்று 2020-இல் பிளாட்டிபஸ் ஆய்வு காட்டியது. அதன் பிறகு லினக்ஸ் அந்த எண்ணை நிர்வாகிக்கு மட்டும் திறந்து வைத்தது. வேக மாற்றத்தையே துப்பாகப் பயன்படுத்தலாம் என்று 2022-இல் ஹெர்ட்ஸ்பிளீட் ஆய்வு காட்டியது. 'அப்படியானால் மூடியே வைப்பதுதானே நல்லது' என்பார்கள். இந்த ஆய்வுகள் தடுக்கச் சொல்வது வேறு. அனுமதியில்லாத நிரல்கள் நுண்ணிய அளவுகளைப் படிப்பதும், வோல்டேஜைத் திருகுவதும்தான் ஆபத்து. போனின் உரிமையாளர், 'இன்று வெப்பத்தால் உங்கள் போனின் உச்ச வேகம் மூன்று முறை குறைக்கப்பட்டது' என்று அமைப்புகள் பக்கத்தில் படிப்பதால் எந்தச் சாவியும் கசியாது. பேட்டரி தளர்ந்ததால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஐபோனே 2018 முதல் அமைப்புகள் பக்கத்தில் காட்டிவருகிறது.

மூன்றாவது, 'இதில் மிச்சமாகும் மின்சாரம் சொற்பம்' என்ற மறுப்பு. பெரிதுபடுத்தாமல் பதில் சொல்வோம். ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 2-இல் தொடங்கிய கிராம, வார்டு செயலகங்கள் சுமார் 15,000. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கணினியில் பத்து வாட் மிச்சமாகிறது, நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டால், கணினி ஒன்றுக்கு 20 யூனிட், மொத்தம் மூன்று லட்சம் யூனிட். இதனால் ஒரு மின்நிலையத்தை மூடிவிட முடியாது. ஆனால் இதற்குச் செலவு ஒரு அமைப்பைச் சரியாக வைப்பது மட்டுமே; பல்பு மாற்றும் செலவுகூட இல்லை. மின்தடையின்போது யுபிஎஸ்ஸில் ஓடும் கணினிக்கு அந்தப் பத்து வாட் என்பது, சான்றிதழ் அச்சாகி முடிவதற்கும் பாதியில் அணைவதற்கும் உள்ள வித்தியாசமாகலாம். போனைப் பொறுத்தவரை கணக்கை யூனிட்டில் போடுவதே தவறு. சார்ஜ் ஏற்றும் தடவைகள் குறைந்தால் பேட்டரியின் ஆயுள் கூடும், போன் கூடுதல் காலம் உழைக்கும், குப்பைக்குப் போகும் லித்தியமும் கோபால்ட்டும் தாமதமாகும். குடும்பத்தின் பணப்பையில் தெரியும் மிச்சம் அதுதான்.

'கவர்னரும் ஷெட்யூலரும் சாதாரண மனிதருக்கு எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. எதற்கும் வேண்டாம். கம்ப்ரஸர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டா ஃபிரிட்ஜ் வாங்குகிறோம்? எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் தொடங்கிய நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குகிறோம். உள்ளே இருப்பதை நிபுணர் அளக்கிறார், வெளியே இருப்பதை வாங்குபவர் படிக்கிறார். போனுக்கும் இது முடியும் என்று ஐரோப்பிய ஒன்றியம் காட்டிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய மாடல் ஸ்மார்ட்போன், டேப்லெட்களில் ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும், எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்ற முத்திரை இருந்தாக வேண்டும். 800 சுழற்சிக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதத் திறனை வைத்திருக்க வேண்டும் என்பது தனி விதி. நம் நாட்டுக்கு அதை அப்படியே நகலெடுத்தால் போதாது. நமக்கு வேண்டிய முத்திரையில் இன்னொரு வரி இருக்க வேண்டும்: 42 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு இந்தக் கருவியின் வேகம் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது? குளிரூட்டிய அறையில் எடுத்த உச்ச எண்ணைவிட இந்த ஒரு எண் இந்திய வாங்குபவருக்குப் பயன்படும்.

யார் அளப்பது? இங்கேதான் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வேலை இருக்கிறது. 2015-இல் சென்னை ஐஐடியின் வழிகாட்டலில் தொடங்கிய திருப்பதி ஐஐடி இன்று ஏர்ப்பேடு வளாகத்தில் இயங்குகிறது. ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பணிக்குப் பல ஆயிரம் கோடியில் சிப் ஆலை தேவையில்லை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டி, பேட்டரி முனையில் மின்னோட்டத்தை மில்லி நொடிக்கு மில்லி நொடி பதியும் ஒரு கருவி, கர்னலின் நிகழ்வுப் பதிவுகளைப் படிக்கத் தெரிந்த நாலைந்து மாணவர்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். பேட்டரி தளரும் விதம் தெரிந்த வேதியியலாளர்கள் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள். ஆப்பிள் விவகாரமே காட்டியது போல, செல்லின் உள்தடையும் கவர்னரின் முடிவும் ஒரே பிரச்சினையின் இரு முனைகள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. கர்னலுக்குள் நுழைவது நம்மவர்களுக்கு எட்டாததும் அல்ல. லினக்ஸின் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதியை வைசோக்கியுடன் சேர்ந்து பராமரிப்பவர் விரேஷ் குமார் என்ற இந்தியர். சென்னை ஐஐடி 2018-இல் ஓடவைத்துக் காட்டிய சக்தி பிராசஸர் போன்ற உள்நாட்டு சிப்புகள் நாளை கருவிகளுக்குள் போகும்போது, அவற்றின் வேகத்தையும் உறக்கத்தையும் ஆளும் நிரலை வேறு எந்த நாட்டு நிறுவனமும் வந்து எழுதித் தராது.

'பாகங்களைப் பொருத்தும் வேலையே போதும், சம்பளம் கிடைக்கிறதே' என்ற எண்ணம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரிலும் உண்டு, அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியிலும் உண்டு. வேலைவாய்ப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்த ஆலைகளால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் பொருத்தும் வேலை கூலி குறைந்த இடத்தைத் தேடி நகரக்கூடியது. நம் வெயில், நம் மின்தடை, நம் பயன்பாடு ஆகியவற்றை அளந்து அதற்கேற்பக் கருவியை அமைக்கும் அறிவு அப்படி எளிதில் நகராது. அந்த அறிவு இருக்கும் இடத்தில்தான் நிறுவனங்கள் வடிவமைப்புக் குழுக்களையும் வைக்கும்.

செய்ய வேண்டியவை நீளமான பட்டியல் அல்ல. எரிசக்தித் திறன் அமைப்பு, செல்போனுக்கும் கணினிக்கும் வெப்பச் சூழலில் எடுத்த வேக, மின்செலவு அளவுகளைக் கொண்ட முத்திரையை வகுக்க வேண்டும். வேகம் வெப்பத்தால் குறைகிறதா, பேட்டரியால் குறைகிறதா, ஆப் பட்டியலால் குறைகிறதா என்பதைக் கருவியின் அமைப்புகள் பக்கத்திலேயே காட்டும்படி நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்த வேண்டும். தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநில அரசுகளும் கணினி, டேப்லெட், சர்வர் வாங்கும் டெண்டர்களில் இந்த அளவுகளைக் கேட்டால், சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; மொத்தமாக வாங்குபவரின் நிபந்தனைக்கு விற்பவர் இறங்கிவருவார். இதை முதலில் அளந்து வெளியிடத் தகுதியான இடம் திருப்பதி. கருவியின் வேகத்தைக் கர்னல் குறைக்கட்டும், சிப் குறைக்கட்டும். பொறியியலுக்கு அது தேவை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு அது எப்போது, ஏன், எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தாக வேண்டும்.